பழைய கத்தரியைக் கவாத்து செய்வதா, தைப் பட்டத்துக்குப் புது விதை வாங்குவதா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது, ஆடியிலோ ஆவணியிலோ நட்ட கத்தரி ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கும். இடுப்பளவு வளர்ந்திருக்கும், அடியில் இலை உதிர்ந்திருக்கும், நுனியில் மட்டும் சின்னதாய்ச் சில காய்கள் தொங்கும். இதைக் கவாத்து செய்து, அதாவது தாழ வெட்டிவிட்டு, மறுதாம்பாக (அதே வேரிலிருந்து மறுபடி துளிர்க்க வைத்து) காய்க்க வைக்கலாம். பிடுங்கிப் போட்டுவிட்டு புது விதையும் வாங்கலாம். பலரும் இதை விதைச் செலவை வைத்து முடிவு செய்கிறார்கள். தோட்டச் செலவில் விதைதான் மிகச் சிறிய பங்கு. வேர் எந்த நிலையில் இருக்கிறது, முதல் காய் எந்த மாதத்தில் கைக்கு வர வேண்டும் என்ற இரண்டும்தான் இங்கே தீர்மானிக்க வேண்டியவை. ஆகவே முதலில் செடியைச் சோதித்துவிட்டு, அதன் பிறகு விதைப் பட்டியல் எழுதுவதே சரியான வரிசை. முதலிலேயே விதை வாங்கி வைத்தவர் நல்ல செடியையும் பிடுங்குவார். விதை வாங்காதவர் நோய்ச் செடியையும் விட்டுவைப்பார்.

நாள் கணக்கு

கத்தரி நாற்றங்காலில் 30 முதல் 35 நாள் இருக்கும். நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மொத்தத்தில் விதைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் குறையாது. கவாத்து செய்த செடியோ 10, 15 நாளில் துளிர்த்து, ஒன்றரை முதல் இரண்டு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும்.

இதை மாதத்தில் வைத்துப் பார்ப்போம். மார்கழிக் கடைசியில் வெட்டிய செடி மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ காய் தரும். கார்த்திகைக் கடைசியில் விதைத்து தை பிறந்ததும் நட்ட நாற்றும் அதே பங்குனியில்தான் காய்க்கத் தொடங்கும். அதாவது, நாற்று ஏற்கெனவே தயாராக இருப்பவருக்குக் கவாத்தினால் நாள் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் தயங்காமல் புதுப் பயிருக்குப் போகலாம். இளஞ்செடி நீண்ட நாள் காய்க்கும், காயும் பருமனாக இருக்கும்.

பொங்கலுக்குப் பிறகு யோசிக்கத் தொடங்குபவரின் நிலை வேறு. தை முதல் வாரத்தில் விதைத்தால் நடவு மாசியில், முதல் காய் சித்திரையில். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். கடும் வெயிலில் கத்தரிப் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. மூன்று மாதம் உழைத்து இரண்டு மூன்று பறிப்போடு நிற்க வேண்டியிருக்கும். இந்த நிலையில், வேர் நன்றாக இருந்தால் பழைய செடியை வெட்டி விடுவதே மேல். ஆழமாக இறங்கிய வேர் பங்குனி வெயிலையும் ஓரளவு தாங்கும், மாசியில் நட்ட நாற்றுக்கு அந்தத் தெம்பு இருக்காது.

வேரைச் சோதிக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்

கவாத்து தண்டையும் இலையையும்தான் புதுப்பிக்கும். வேர் பழையதுதான், மண்ணும் பழையதுதான், உள்ளே இருக்கும் நோயும் பழையதுதான். நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று நான்கு செடிகளை மண்வெட்டியால் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர் முடிச்சு நூற்புழு. அவரை, உளுந்து போன்ற பயறுச் செடிகளிலும் வேரில் முடிச்சு உண்டு, ஆனால் அது பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் உருட்டினால் உதிரும். கத்தரியில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. இப்படி இருந்தால் கவாத்து வேண்டாம். அந்தப் பாத்தியில் தக்காளி, மிளகாய், வெண்டையும் வேண்டாம். துலுக்கச் சாமந்தி நெருக்கமாகப் போட்டு ஒரு பருவம் விடலாம்.

இரண்டாவது, உச்சி வேளையில் துவண்டு மாலையில் நிமிரும் செடிகளைக் குறித்து வையுங்கள். அதில் ஒன்றின் அடித்தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இந்த நோய் கத்தரிக்கோல் வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். ஒரு செடியில் கண்டால்கூட அந்தப் பாத்தி முழுவதையும் கவாத்திலிருந்து விலக்கிவிடுங்கள்.

மூன்றாவது சிறு இலை நோய். இலைகள் சிறுத்து, காம்பு குறுகி, செடி கொத்தாகப் புதர்போல் தெரியும், பூ பச்சையாகிவிடும். இது தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிரி. செடியின் உணவுக் குழாய்க்குள் இருப்பதால் எவ்வளவு தாழ வெட்டினாலும் துளிரோடு திரும்ப வரும். அந்தச் செடியை மட்டும் வேரோடு எடுத்துவிட்டு மற்றவற்றை வெட்டலாம்.

நான்காவது, அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் துளிர்க்கும். பழுப்பாகக் காய்ந்து கட்டையாகியிருந்தால் துளிர் வராது, வந்தாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். மழைத் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்ற பாத்திகளில் இப்படி நிறைய இருக்கும்.

பத்துச் செடிக்கு ஏழெட்டு தேறினால் கவாத்து செய்யலாம். பாதிதான் தேறும் என்றால் வேண்டாம். இடைவெளி விழுந்த பாத்திக்கும் அதே தண்ணீர், அதே களையெடுப்பு. காலியிடத்தில் சொருகும் புது நாற்று, பக்கத்துச் செடியின் பூச்சிக்கு முதல் இரையாகும்.

வெட்டும் முறை

மழை முற்றிலும் நின்று மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு வெட்ட வேண்டும். மார்கழியில் காலைப் பனி விலகி இலை காய்ந்த பின், ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். ஈர வெட்டில் பூஞ்சை ஏறி நுனியிலிருந்து கீழே கருகிக்கொண்டே வரும்.

தரையிலிருந்து முக்கால் அடி முதல் ஒரு அடி உயரத்தில், மூன்று நான்கு முக்கியக் கிளைகளை நிறுத்தி, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணுவாவது இருக்க வேண்டும். ஒரே வீச்சில் அரிவாளால் வெட்டினால் தண்டு பிளந்து, பிளவு கீழே ஓடும். கூரான கவாத்துக் கத்தரிக்கோல்தான் சரி. நான்கைந்து செடிக்கு ஒருமுறை கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

பென்சிலை விடத் தடித்த வெட்டுகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துப் பூசலாம், அல்லது போர்டோ பசை செய்துகொள்ளலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் எடுங்கள், இரும்பில் மயில்துத்தம் அரித்து வீணாகும். அன்றே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது.

வெட்டிய கிளைகளை மூடாக்காகப் போடும் வழக்கம் கத்தரியில் மட்டும் கூடாது. தண்டு மற்றும் காய்த்துளைப்பானின் புழுக்கள் நுனித்தண்டுக்குள்தான் இருக்கின்றன. கிளை காய்ந்ததும் வெளியே வந்து, உதிர்ந்த இலைக்குள் கூட்டுப்புழுவாகி, புதுத் துளிர் வரும் நேரத்தில் அந்துப்பூச்சியாகப் பறக்கும். கவாத்து செய்த தோட்டத்தில் துளிர் துளிராக வாடித் தொங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெட்டியதை அன்றே எரியுங்கள், அல்லது இரண்டடிக் குழியில் புதையுங்கள். துளிர் வந்ததும், ஆண் அந்துப்பூச்சிகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை வைத்துவிடுங்கள். ஏக்கருக்கு ஐந்து என்பது வயலுக்கான கணக்கு, சின்னத் தோட்டத்துக்கு ஒன்றே போதும்.

வெட்டிய மறுநாள் செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளறி, செடிக்கு ஒரு கிலோ மக்கிய தொழுவுரமும் 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். இலை இல்லாத செடிக்குத் தினமும் தண்ணீர் விட்டால் வேர் அழுகும். துளிர் வரும்வரை மண் காய்ந்த பிறகு விட்டால் போதும். மூன்றாவது வாரத்தில் வெளிப்பக்கம் பார்த்த நல்ல துளிர் நான்கைந்தை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இந்தக் கிள்ளலை விட்டுவிட்டால் செடி புதராகி, இலை மட்டும் வரும்.

மற்ற செடிகள்

எல்லாவற்றையும் கத்தரிபோல் நினைத்து வெட்டிவிடக் கூடாது.

தக்காளியில் மறுதாம்புக்கு ஆசைப்படவே வேண்டாம். மழைக்காலம் முடியும்போது இலைக்கருகலும் இலைச்சுருட்டை வைரஸும் ஏறியிருக்கும். பிடுங்கிவிட்டு விதை வாங்குங்கள். வெண்டையை ஒரு சாண் விட்டு வெட்டினால் துளிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் மாசியிலிருந்து வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும், பழைய வெண்டையில் உள்ள மஞ்சள் நரம்பு நோய் பக்கத்தில் விதைத்த புது வெண்டைக்கெல்லாம் பரவும். வெண்டை விதைத்த ஒன்றரை மாதத்தில் காய்க்கும் பயிர். அதைக் காப்பாற்றி வைப்பதில் லாபமில்லை.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்ட செடிகளில் இலைப்பேன் தாக்குதல் இருக்கலாம், வைரஸும் இருக்கலாம். வைரஸ் என்றால் கவாத்தால் போகாது. சுருளே இல்லாத செடிகளில் மட்டும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டி விடலாம், கத்தரியைப்போல் தாழ வெட்டினால் பல செடிகள் திரும்பி வராது.

முருங்கைதான் அதிகம் தவறு நடக்கும் இடம். பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 போன்ற செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டினால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும், இப்படி மூன்று ஆண்டுவரை வைத்திருக்கலாம். ஆனால் வெட்ட வேண்டியது காய்ப்பு முடிந்த பிறகு. தையில் பூவெடுக்கும் மரத்தைக் ‘கவாத்துக் காலம்’ என்று வெட்டினால் பங்குனி, சித்திரையின் பெருங்காய்ப்பு முழுதும் போய்விடும். அரும்பு தெரிந்தால் தொடாதீர்கள். புயலில் முறிந்த கிளையை மட்டும் சீராக வெட்டிப் பசை பூசுங்கள். கீரைக்காக மட்டும் வளர்க்கும் முருங்கைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கோவைக்காய்க் கொடியில் விதை வாங்கும் பேச்சே எழாது. விதையில் வளர்த்தால் காய்க்காத ஆண் கொடிகளும் கலந்து வரும். காய்ப்பு ஓய்ந்த கொடியைத் தாழ வெட்டி, நன்கு காய்த்த பெண் கொடியின் பென்சில் கனத் தண்டுகளை ஒரு சாண் நீளத்தில் நறுக்கி ஊன்றினால் புதுக்கொடி கிடைக்கும். புடலை, பீர்க்கு, பாகல் ஓராண்டுப் பயிர்கள், அவற்றைப் பந்தலிலிருந்து இறக்கிவிடுங்கள்.

புது விதை என்றால் எது?

இங்கே மூன்று வழிகள் உண்டு, நான்காவதாக ஒட்டு நாற்றையும் சேர்க்கலாம்.

நாட்டு ரகத்தின் பெரிய பலம் ருசி. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த ருசியை வேறு ரகத்தில் தேடிப் பயனில்லை. நல்ல காயைப் பழுக்க விட்டு விதை எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. ஆனால் தேனீக்கள் கத்தரியில் அயல் மகரந்தத்தைக் கொண்டு வரும். இரண்டு ரகத்தை அடுத்தடுத்துப் போட்டுவிட்டு விதை எடுத்தால் அடுத்த ஆண்டு கலப்புதான் முளைக்கும். விதைக்கென நிற்கும் பூங்கொத்தை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் கட்டிவிட்டால் போதும்.

ஆராய்ச்சி நிலைய ரகங்கள் நடுவழி. வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, பாலூர் 1, கிள்ளிகுளம் 1 போன்றவற்றில் விதை எடுத்து வைக்கலாம், செடிகளும் ஒரே சீராக இருக்கும். உங்கள் மண்ணில் பாக்டீரியா வாடல் உறுதியாகிவிட்டால் அந்த நோயைத் தாங்கும் ரகத்தைத் தேடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கேசவ், அர்கா நிதி, அர்கா நீலகண்ட் அப்படிப்பட்டவை. தக்காளியில் அர்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு (ஹைபிரிட்) இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்.

வீரிய ஒட்டு விதை விலை கூடுதல். உரமும் தண்ணீரும் சரியாகக் கொடுத்தால் விளைச்சலும் கூடுதல். சந்தைக்குப் போடுபவருக்கு ஏற்றது. அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை சிதறிப் போகும், ஆண்டுதோறும் வாங்கியே ஆக வேண்டும். வீட்டுக்குப் பத்துப் பதினைந்து செடி வைப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வெண்டை மட்டும் விதிவிலக்கு. மாசி வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் வீரிய ஒட்டு வாங்குவது வீண் செலவல்ல.

ஒட்டு நாற்று என்பது சுண்டைக்காய் வேரின் மேல் கத்தரியை ஒட்டியது. வாடல் நோயையும் நூற்புழுவையும் சுண்டை வேர் தாங்கும். ஆண்டுதோறும் கவாத்து செய்தே கத்தரி வளர்க்க விரும்புபவருக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் மறுதாம்பின் பலவீனம் வேரில்தான் இருக்கிறது. நாற்று ஒன்றின் விலை சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு. நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கவாத்தின்போது ஒட்டுவாய்க்குக் கீழே வரும் முள் துளிரை உடனே கிள்ளாவிட்டால் சுண்டை வளர்ந்து கத்தரியை அமுக்கிவிடும்.

எவ்வளவு வாங்குவது?

வயல் பரிந்துரைகளைச் சென்ட் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கத்தரி ரகத்துக்கு ஹெக்டேருக்கு 400 கிராம், அதாவது சென்டுக்கு 1.6 கிராம். வீரிய ஒட்டுக்கு அதில் பாதி. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் ஒரு சென்டில் 110 செடி பிடிக்கும். கத்தரி விதை கிராமுக்கு 200க்குக் குறையாது. ஆகவே 1.6 கிராம் என்பதிலேயே முளைக்காதது, வாடியது, தேர்ந்தெடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை வீதம் போட்டால் ஒரு கிராமே தாராளம்.

தக்காளி ரகம் சென்டுக்கு ஒன்றரை கிராம், மிளகாய் ரகம் 4 கிராம், நேரடியாக விதைக்கும் வெண்டை ரகம் 30 கிராம், வீரிய ஒட்டு வெண்டை 10 கிராம், கொத்தவரை 40 கிராம், கீரை 10 கிராம். கொடிகளுக்குச் சென்ட் கணக்கு வேண்டாம். குழிக்கு நான்கைந்து விதை போட்டு, முளைத்த பின் இரண்டை நிறுத்துங்கள். கத்தரி பிடுங்கிய பாத்திக்குக் கொத்தவரையோ தட்டைப்பயறோ கீரையோ விதைப் பட்டியலில் இருக்கட்டும். அங்கே மறுபடி தக்காளியோ மிளகாயோ போனால் அதே நோய்கள் காத்திருக்கும்.

வாங்கும்போது பையின் படத்தை விட்டுவிட்டு அட்டையைப் படியுங்கள். அரசு சான்றளித்த சான்று விதைக்கு நீல அட்டை, விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் மூன்றும் இருக்க வேண்டும். சான்று விதையின் காலம் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம். குறைந்தபட்ச முளைப்புத் திறன் கத்தரி, தக்காளிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. கடையில் வெயில் படும் இடத்தில் தொங்கிய பாக்கெட்டில் இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது.

வீட்டில் மிச்சமிருந்த விதையை முதலில் சோதியுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி, சமையலறையில் கதகதப்பான மூலையில் வையுங்கள். கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுங்கள். மார்கழிக் குளிரில் மிளகாய் மெதுவாகத்தான் முளைக்கும், ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதினான்குக்கு மேல் முளைத்தால் புது விதை வாங்க வேண்டாம். பத்து முளைத்தால் இரட்டிப்பாக விதைக்கலாம். அதற்கும் கீழே என்றால் வாங்குங்கள். வெங்காய விதைக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை, போன ஆண்டு விதை என்றாலே புதிதாக வாங்குவது நல்லது.

தைப் பட்டத்தில் போட்டு மிஞ்சியதை ஆடிவரை வைத்திருக்க வேண்டும் என்றால் எதிரி ஈரம்தான். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வில் பழகிய கணக்கு. பிரித்த பாக்கெட்டை இளவெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, நிழலில் ஆற வைத்து, சிலிக்கா ஜெல்லோ நன்கு உலர்ந்த சாம்பலோ சேர்த்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்கக் கூடாது. புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் விதையின் மேல் முத்து முத்தாகப் படியும்.